மீசை வைத்த தெருவிளக்குகள்

"அப்பா, தெருவிளக்குக்கெல்லாம் மீசை இருக்கே, அதை யாருப்பா சீவி விடுறாங்க?"

மேகலா இதைக் கேட்டது ஆறு மாதத்துக்கு முன்னால், மயிலாப்பூர் மாட வீதியில், அப்பாவின் ஸ்கூட்டரில் முன்பக்கம் நின்றுகொண்டு. துரைராஜ் வாய்விட்டுச் சிரித்தார். கார்ப்பரேஷன் ஆள் மாதம் ஒருமுறை சீப்போடு வருவார் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவி வைதேகியிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தார். அதோடு அந்தக் கேள்வியை மறந்துவிட்டார்.

இப்போது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மேகலா கரும்பலகையில் இருப்பதை எழுதுவதில்லை. எழுதினாலும் வேறு எதையோ எழுதுகிறாள். அறிவுத்திறன் சோதனை செய்து அறிக்கை கொண்டுவரவும். பார்த்துவிட்டு இரண்டாம் வகுப்பில் எங்களிடமே படிக்கலாமா, வேறு பள்ளி பார்த்துக்கொள்வது நல்லதா என்று சொல்கிறோம். கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை.

துரைராஜுக்கு வேலை ஈக்காட்டுத்தாங்கலில், பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில். லேத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, தேறாததைச் சிவப்புத் தொட்டியில் போடுவார். பதினெட்டு வருஷமாக இதே வேலை. வெர்னியர் என்கிற அளவுக் கருவி சட்டைப் பையை விட்டு இறங்காது. காலையில் தட்டில் விழுந்த வடையின் ஓட்டையைக்கூட அளந்து, "நேத்தைவிட ரெண்டு மில்லி பெரிசு" என்பார்.

"வடை வேணுமா, வேணாமா?" என்று வைதேகி கேட்டால்தான் வெர்னியர் பைக்குள் போகும்.

அப்படிப்பட்டவர் சோதனைக்குப் பயப்படுவாரா? தைரியமாகவே மகளை அடையாறில் உள்ள ஒரு மையத்துக்கு அழைத்துப் போனார். சோதனை செய்தவள் ரோஸி என்ற இளம்பெண். ஒன்றரை மணி நேரம் மேகலாவோடு உள்ளே இருந்தாள். சனிக்கிழமை மூன்று பக்க அறிக்கையைக் கையில் கொடுத்து, முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம் என்றாள்.

துரைராஜ் முதல் பக்கத்தில் இருந்த எண்ணைப் படித்தார். எழுபத்தெட்டு. பக்கத்திலேயே நூறு சராசரி என்று போட்டிருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடியே அவர் கண்ணுக்கு அந்தச் சிவப்புத் தொட்டி தெரிந்தது. அறிக்கையை நாலாக மடித்து வெர்னியர் இருந்த பைக்குள்ளேயே செருகினார்.

வைதேகி அழுதாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்த முடிவைத் தன் அம்மாவிடம் மட்டும் வைதேகி தொலைபேசியில் சொன்னாள். சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வல்லாரைக் கீரைத் துவையலுக்கு ஐந்து விதமான செய்முறை வந்திருந்தது.

மறுநாள் காலையில் கற்பகாம்பாள் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றபோதுதான் துரைராஜுக்கு ஒன்று உறைத்தது. பட்டறையில் ஒரு பாகம் தேறவில்லை என்றால் முதலில் யாரைச் சந்தேகப்பட வேண்டும்? பாகத்தை அல்ல, அளக்கிற கேஜை. அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒரு துண்டை அதில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டுக்கு மாஸ்டர் என்று பெயர். மாஸ்டரே தேறவில்லை என்றால் கோளாறு கேஜில்.

"வைதேகி, நம்ம குடும்பத்துல நிச்சயமான அறிவாளி யாரு?"

"என் தம்பிதான்" என்றாள் அவள், யோசிக்காமல்.

டில்லிபாபு வங்கித் தேர்வை முதல் தடவையிலேயே எழுதித் தேறியவன். அன்று மாலைதான் அவனுக்குப் பெண் கொடுக்க விரும்பும் வைரவன் என்பவர் தி.நகரில் அவன் வீட்டுக்கு வருவதாக இருந்தார். துரைராஜும் வைதேகியும் எப்படியும் போக வேண்டியவர்கள். மாஸ்டர் கிடைத்துவிட்டான். இனிக் கேள்விகள்தான் வேண்டும். மையத்தில் கேட்டால் தரமாட்டார்கள்.

மேகலாவைச் சமையல் மேடையில் உட்கார வைத்து, உள்ளே என்ன கேட்டார்கள் என்று கேட்டார். படம் காட்டிக் கேட்டதெல்லாம் வேண்டாம், தனக்கு வரைய வராது என்றார். அதற்கு மேகலா சந்தோஷமாகத் தலையாட்டினாள். முறுக்கைக் கடித்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். நாற்பத்திரண்டு கேள்விகள். பட்டறையில் அளவு குறிக்கிற நோட்டில் நாலு பக்கம் வந்தது.

"இந்த இடத்துல அந்த அக்கா ஒரு தடவை இருமினாங்கப்பா."

துரைராஜ் அதையும் எழுதிக்கொண்டார். அளவெடுக்கும் முறை இம்மிகூட மாறக் கூடாது என்பது அவர் கொள்கை.

தி.நகரில் வைரவன் சோபாவில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அறிவை நேரில் பார்த்தால் அவருக்கும் சந்தோஷம்தானே என்று நினைத்து, துரைராஜ் அங்கேயே நோட்டைத் திறந்தார். மெழுகுவர்த்திக்கும் டார்ச்சுக்கும் என்ன ஒற்றுமை என்பது போன்ற கேள்விகளை டில்லிபாபு ஊதித் தள்ளினான். பதினேழாவது கேள்வி வந்தது.

"ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு, ஒண்ணு, ஆறு. இதைப் பின்னாலேர்ந்து சொல்லு."

"ஆறு, ஒண்ணு..." டில்லிபாபு நிறுத்தினான். அந்த நேரம் பார்த்துத் துரைராஜ் இருமினார். "மாமா, நீங்க இருமினதுல மறந்துபோச்சு."

"இருமணும்டா. முறை அப்படி."

பதினெட்டும் போனது, பத்தொன்பதும் போனது. வைரவன் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வீட்டில் கலந்து பேசிச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் காபி குடிக்காமலே போனார். டில்லிபாபு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். திரும்பும் வழியெல்லாம் வைதேகி ஸ்கூட்டரில் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவரின் தோளைப் பிடிக்கவில்லை.

ஆனாலும் துரைராஜின் மனம் ஓரமாகக் குதூகலித்தது. கேஜில்தான் கோளாறு. ஒரே ஒரு மாஸ்டரை வைத்துச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதால், திங்கட்கிழமை பட்டறை முதலாளி செம்பியன் முன்னால் போய் நின்றார். செம்பியன் ஜெர்மனி போய்ப் படித்துவிட்டு வந்தவர். சுவரில் சட்டம் போட்ட பட்டங்கள் மூன்று.

செம்பியன் முதலில் இதை ஏதோ தரச் சான்றிதழ் விஷயம் என்று நினைத்து ஒத்துழைத்தார். பதினேழில் இருமல் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். இருபத்து மூன்றாவது கேள்வி, கடையில் அம்மாவைக் காணவில்லை என்றால் நீ என்ன செய்வாய் என்பது.

"துரைராஜ், என்ன இது?"

"ஆறு வயசுப் பிள்ளைகளுக்கான சோதனை சார். இதுவரைக்கும் உங்களுக்கு நாலு தப்பு."

செவ்வாய்க்கிழமையிலிருந்து துரைராஜுக்கு வேலை பின்கட்டில், துருப்பிடித்த பழைய போல்ட்டுகளை எண்ணுவது. வெர்னியரை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். மச்சான் பேசுவதில்லை, மனைவி பேசுவதில்லை, பையில் வெர்னியர் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். எழுபத்தெட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் மேகலாவோடு கோயிலுக்கு வந்தார். மாட வீதி முனையில் கெங்கம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தாள். துரைராஜுக்கும் அவளுக்கும் பல வருஷ வழக்கு. அவள் கையால் அளக்கும் முழம் ஒரு நாள் போல இன்னொரு நாள் இருப்பதில்லை என்று இவர் சொல்வார். என் கை என் இஷ்டம் என்று அவள் சொல்வாள். மேகலாவுக்கு அளக்கும்போது மட்டும் அந்தக் கை எப்போதும் ஒரு சாண் நீண்டுவிடும். அதைப் பற்றி இவர் புகார் சொன்னதில்லை, நன்றியும் சொன்னதில்லை.

"இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

துரைராஜ் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் நோட்டையும் திறந்தார். இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, மூன்றாவதில் கெங்கம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"வியாபார நேரத்துல தொந்தரவு பண்ணாத. கேள்விய வுடு, பாப்பாவ பாரு. எப்ப வந்தாலும் பூவ மூக்காண்ட வச்சித்தான் பாக்குது. வாசனை புடிக்குதுன்னு நீ நெனச்சிக்கினு கீற. வாசனையே இல்லாத கனகாம்பரத்தையும் அப்டித்தான் பாக்குது. எனக்கும் ரெண்டு வருசமா கண்ணு கலங்கலா கீது, நானும் இப்டித்தான் கிட்ட வச்சிப் பாக்குறேன். எனக்கு அறுவது வயசு. அதுக்கு இன்னா வயசு?"

துரைராஜ் மகளைப் பார்த்தார். மேகலா ஒரு கனகாம்பரத்தைக் கண் இமை தொடும்படி வைத்துக்கொண்டிருந்தாள்.

பைக்குள் கை போனது. நாலாக மடித்த அறிக்கையைப் பிரித்து முதன்முறையாக இரண்டாம் பக்கத்தைப் படித்தார். ரோஸி எளிய தமிழில் எழுதியிருந்தாள்: 'படம் பார்க்கும் பகுதியில் குழந்தை தாளை முகத்துக்கு மிக அருகில் பிடித்தாள், பல படங்களைத் தவறாகச் சொன்னாள். உடனே கண் பரிசோதனை செய்யவும். அதுவரை இந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.' கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று பட்டறையில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். துரைராஜ் அங்கேயே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் பலமாகவே போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை பாண்டி பஜாரில் கண்ணாடி தயாராகிவிட்டது. நீலச் சட்டம். மாட வீதியில் திரும்பியதும் ஸ்கூட்டரின் முன்பக்கத்திலிருந்து மேகலா, வண்டியை நிறுத்து என்றாள். விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவள் ஒவ்வொரு விளக்காகப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் மீசைய எடுத்துட்டாங்கப்பா."

துரைராஜ் இன்ஜினை அணைத்தார். மேகலா தலையை இன்னும் மேலே தூக்கினாள். வாயைப் பிளந்தபடி வெகுநேரம் நின்றாள்.

"அப்பா, கோபுரத்துல இவ்வளவு பேர் எப்ப ஏறினாங்க?"

பின்பக்கம் உட்கார்ந்திருந்த வைதேகியின் கை, கம்பியை விட்டுத் துரைராஜின் தோளுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை துரைராஜ் தலைமையாசிரியையிடம் மூன்று பக்கத்தையும் கொடுத்தார். ஒரு பக்கத்தை மட்டும் படிக்க வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். அவர் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்போதே வாசற்படியிலிருந்து மேகலா பேசினாள்.

"மிஸ், உங்க காலண்டர்ல நேத்துத் தேதிய இன்னும் கிழிக்கல. கீழே சந்திராஷ்டமம்னு பொடியா போட்டிருக்கு."

தலைமையாசிரியை எழுந்து போய்த் தேதியைக் கிழித்தார். அதே கையோடு பள்ளியின் கடிதத்தையும் கிழித்தார். இரண்டாம் வகுப்பு, அதே பள்ளி, அதே தோழிகள். வெளியே வந்ததும் துரைராஜ் ரோஸிக்குத் தொலைபேசியில் சொன்னார். அவள் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். இவர் கற்பகாம்பாளுக்கு நன்றி சொன்னார். இருவருக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை.

மற்றவையும் தானாக நேராயின. வைரவன் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆறு எண்களைப் பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தாராம். நாலு நாளாகியும் வரவில்லையாம். மாப்பிள்ளையின் மேல் மரியாதை கூடிவிட்டது. செம்பியன் வெர்னியரைத் திருப்பிக் கொடுத்தார். போகிற போக்கில், அந்தக் கடையில் அம்மா காணாமல் போகிற கேள்விக்குச் சரியான பதில் என்ன என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை துரைராஜ் வெற்றி வீரரைப் போலக் கெங்கம்மாவிடம் வந்து நின்றார். பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். சோதனை நல்லதுதான், அது சொன்னதை நான்தான் முழுக்கக் கேட்கவில்லை என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி வைப்பார்களாம், அப்போதாவது சராசரியைத் தொட்டுவிட்டால் போதும் என்றார். மேகலா தள்ளி நின்று எதிர்க்கடைப் பலகையை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

கெங்கம்மா தரையில் வாழைநாரைத் தடவித் தேடிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு ஒரு நோட்ட வச்சிக்கினு கேள்வி கேட்டியே நைனா, அது அந்த அடையாறுல குடுத்த நோட்டா?"

"அவங்க எங்க குடுப்பாங்க? மேகலா சொன்னா, நான் எழுதினேன்."

"எத்தினி கேள்வி?"

"நாப்பத்திரண்டு."

"அந்த நம்பருங்கோ?"

"அதுவும்தான். நடுவுல இருமினதுகூட அவ சொல்லித்தான் எழுதினேன்."

கெங்கம்மாவின் கை நின்றது.

"ஒரு தபா காதுல வாங்கினத, ஒண்ணு வுடாம முறுக்கு தின்னுக்கினே ஒப்பிச்சிச்சா? அப்ப ஒரு வாரமா மச்சானு, மொதலாளின்னு ஊரெல்லாம் எந்த அறிவாளிய தேடிக்கினு இருந்த நைனா?"

துரைராஜ் திரும்பி, எதிர்க்கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். கெங்கம்மா சிரித்துக்கொண்டே, கண்டுபிடித்த நாரைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். மேகலாவுக்கு ஒரு முழம் அளந்தாள். வழக்கம் போல ஒரு சாண் கூட.

துரைராஜ் வெர்னியரை எடுக்கவில்லை. அவள் பூவை எவ்வளவு தூரத்தில் பிடித்துக் கட்டுகிறாள் என்று கண்ணாலேயே அளந்துகொண்டார்.

மறுநாள் காலை, கெங்கம்மா வருவதற்கு முன்னால், அவள் உட்காரும் பலகையின் மேல் மடித்து வைத்த சாக்குக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. உள்ளே, அருகில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் மூக்குக்கண்ணாடி ஒன்று. பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. வைத்துவிட்டு வேகமாக நடந்து போனவரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, கோபுரத்தில் ஏறியிருந்தவர்களைத் தவிர.