மூன்றரை மணி நேர மாப்பிள்ளைத் தேர்வு

"என்னது, அந்தப் படத்தை நீங்க இன்னும் பார்க்கலையா?"

இப்படிக் கேட்டுவிட்டு, நீங்கள் பல் தேய்க்காமல் தெருவுக்கு வந்துவிட்டதைப் போல உங்களை ஏற இறங்கப் பார்க்கும் மனிதர் ஒருவரை உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அந்த இனத்துக்குக் காவிய ரசிகர் என்று பெயர் வைப்போம். இவர் நிறையப் படம் பார்ப்பவர் அல்ல. ஒரே படம்தான். பழைய படம். துறைமுகத்தையே ஆட்டிவைக்கும் ஒரு ரவுடிக் குடும்பம், மூன்று தலைமுறை, நாற்பத்தொரு கொலை, மூன்றரை மணி நேரம். அதற்குப் பிறகு உலகத்தில் எடுக்கப்பட்டதெல்லாம் இவரைப் பொறுத்தவரை வீணான மின்சாரம்.

நாம் பார்க்கப்போகும் ரசிகர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சாதுவான மனிதர். கரப்பான்பூச்சியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுவார். ஆனால் அந்தப் படத்தில் வரும் பெரியவர் நகம் வெட்டிக்கொண்டேதான் ஆளை வெட்டச் சொல்வார் என்பதால், கடையில் வேலை செய்யும் பெண் லீவு கேட்டால் இவரும் மேஜை டிராயரைத் திறந்து நகவெட்டியை எடுப்பார். ஒரு விரலை முடிப்பார். அதை ஊதுவார். பிறகு தலை நிமிராமலே, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார்.

"சௌக்கியம்தான் சார். எனக்குத்தான் பல் பிடுங்கணும். நகம் எல்லாம் லென்ஸ் மேல தெறிக்குது சார்."

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, அவர் உங்களைக் கூட்டிவைத்துப் படம் காட்டுவதுதான். திரைச்சீலையை இழுத்து மூடி, உங்கள் செல்போனை வாங்கிப் பக்கத்து அறையில் வைத்து, உங்களை நடு நாற்காலியில் உட்காரவைத்து, தன் நாற்காலியை மட்டும் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, திரைக்குக் காதைக் காட்டிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் படம் பார்த்தே பல வருஷம் ஆகிறது. நீங்கள் பார்ப்பதைத்தான் பார்க்கிறார். நீங்கள் கண் சிமிட்டினால் நிறுத்துவார். "இப்ப அவன் கோட்டைக் கழற்றினான் பாருங்க, ஏன் கழற்றினான்?" உங்களுக்கு எப்படித் தெரியும்? புழுக்கமாக இருந்திருக்கும். அதைச் சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். அரை மணி நேரம் விளக்கம்.

அவருடைய மூத்த மருமகன், கல்யாணத்துக்கு முன்னால், இரண்டாம் மணி நேரத்தில் ஒரு கொட்டாவி விட்டார். மற்றபடி தங்கமான மனிதர், கணக்கு வாத்தியார். மூத்த மகள் அப்பாவின் சம்மதம் இல்லாமலே அவரைக் கட்டிக்கொண்டு போனாள். நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் மாமனார் அவரைக் 'கொட்டாவி' என்றுதான் குறிப்பிடுகிறார்.

இப்போது இளைய மகளின் முறை. அவள் விரும்பியவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குத் துவைத்த சட்டையோடு வந்தவனை அவள் வாசலிலேயே மடக்கினாள்.

"நல்லா கேட்டுக்கோ. பேசாதே. சிரிக்காதே. அப்பா நிறுத்தினா 'ம்'னு மட்டும் சொல்லு. ரெண்டாவது மணி நேரத்துல பெரியவரோட சின்ன மகன் சாவான். அப்ப மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ."

"எவ்வளவு நேரம்?"

"அப்பா உன் முகத்துலேருந்து கண்ணை எடுக்கிற வரைக்கும்."

"நான்தான் செத்துருவேன்."

"விளையாடாதே. அக்கா மாதிரி என்னால போக முடியாது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பேச்சைச் சுமந்து சுமந்து அம்மா பாதியா இளைச்சுட்டாங்க. அப்பா சரின்னா சரி. இல்லேன்னா இல்ல."

அவன் தலையாட்டினான். ஆறு வருஷமாக லிஃப்ட் குழிகளில் இறங்கி ஏறுகிறவன். ஒரு படத்துக்கா பயப்படுவான்?

முதல் மணி நேரம் பிரமாதமாகப் போனது. பதினேழு முறை 'ம்' சொன்னான். பதினெட்டாவது தடவை, யாரும் கேட்காமலே, தொண்டையைச் செருமிக்கொண்டான். மாமனார் ஆகவேண்டியவர் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்த அம்மாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. எதிரிகள் படிக்கட்டில் துரத்த, சின்ன மகன் ஐந்தாவது மாடிக்கு ஓடி வருகிறான். லிஃப்ட் கதவைப் பிடித்து இழுக்கிறான். கதவு திறக்கிறது. காலை உள்ளே வைக்கிறான். உள்ளே லிஃப்ட் இல்லை. வெறும் குழி. அலறல்.

மகள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். அவள் அம்மா பட்டாணியை நிறுத்தினார். ரசிகர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

"அது எப்படித் திறக்கும்?" என்றான் மெக்கானிக்.

வாய் தவறி வந்துவிட்டது. படம் நின்றது.

"என்ன சொன்னே, தம்பி?"

"இல்ல சார்... லிஃப்ட் அந்த மாடியில வந்து நிக்காம வெளிக்கதவு திறக்காது. உள்ள பூட்டு இருக்கும். மேல பாருங்க, லைட்டு ரெண்டாவது மாடின்னு காட்டுது."

ரசிகர் பல வருஷங்களுக்குப் பிறகு முதல்முறையாகத் திரையின் பக்கம் திரும்பினார். பின்னால் ஓட்டிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். ரெண்டு. சந்தேகமே இல்லை, ரெண்டுதான். சட்டைப் பையிலிருந்து நகவெட்டி வெளியே வந்தது. மகள் கூரையைப் பார்த்தாள்.

"யாராவது பூட்டை உடைச்சிருக்கலாமே?"

"அப்படி எதுவும் காட்டலையே சார்."

கட்டைவிரல் முடிந்தது. ஆட்காட்டி விரல் முடிந்தது.

"அப்ப, எடுத்தவர் தப்புப் பண்ணிட்டார்ங்கிறே?"

'ஆமாம்' என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்தப் பூட்டை அவன் நூறு தடவையாவது கையில் பிடித்துக் கழற்றி மாட்டியிருக்கிறான். அது ஏமாற்றாது என்ற தைரியத்தில்தான் தினமும் குழிக்குள் இறங்குகிறான். வாயைத் திறந்தான். எதிரே அவள் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ரசிகரின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. இந்த இனத்தின் மகத்துவமே இதுதான். படத்தில் ஓட்டை இருந்தால் அந்த ஓட்டைக்குள்ளேயே ஒரு காவியத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

"தப்பா? அவ்வளவு பெரிய கலைஞனுக்குப் பூட்டு இருக்கிறது தெரியாதா? தெரிஞ்சேதான் திறந்துவிட்டிருக்கார். சாவு வந்து நிக்கும்போது எந்தப் பூட்டும் தாங்காது. அதைத்தான் சொல்றார். அப்படித்தானே, தம்பி?"

மெக்கானிக் அவளைப் பார்த்தான்.

"அப்படித்தான்... மாமா."

ரசிகரின் கண் கலங்கிவிட்டது. "இதைத்தான் நான் முப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்!"

"எப்பங்க சொன்னீங்க?" என்றார் மனைவி. "கதவு திறந்ததையே இப்பதானே பார்த்தீங்க?"

"நீ போய் மாப்பிள்ளைக்கு டீ போடு."

மாப்பிள்ளை! மகள் மூச்சை விட்டாள். மீதி ஒன்றேமுக்கால் மணி நேரமும் அவன் 'ம்' சொல்லவே தேவைப்படவில்லை. கல்யாணத் தேதியும் முடிவாயிற்று. அடுத்த நாளிலிருந்து கடையில், முகத்தில் சோதனைக் கண்ணாடி மாட்டியிருப்பதால் எழுந்து ஓட முடியாத வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அந்தப் பூட்டின் தத்துவம், கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்லாமல், இலவசமாக வழங்கப்பட்டது.

சந்தோஷமான முடிவுதான், இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது. மெக்கானிக்கும் கூட்டாளியும் மூன்றாவது மாடியில் குழியோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"பூட்டு ஆடுதுடா, மாத்தணும்" என்றான் கூட்டாளி.

மெக்கானிக் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டான். "பழைய படம் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு பூட்டு திறக்கும். அதுல ஒரு பெரிய அர்த்தம் இருக்குடா."

"அர்த்தமா? இது திறந்தா கீழ போறது நீயும் நானும். ஸ்பானரை எடு!"

அவன் எடுத்துக் கொடுத்தான். ஆனால் கூட்டாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்த்தீர்களா, இது எவ்வளவு சுலபமாகத் தொற்றுகிறதென்று? நீங்கள் பயப்பட வேண்டாம். உங்களுக்கு அந்த நோயெல்லாம் கிடையாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் வேண்டுமென்றேதான் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆரம்பத்திலிருந்து நீங்கள் மனதுக்குள் ஒரு பெயரை வைத்துக்கொண்டு, 'இதுவாகத்தான் இருக்கும், ஆனால் இவன் கதையைத் தப்பாகச் சொல்கிறானே' என்று என்னைத் திருத்திக்கொண்டே வந்தீர்களா, இல்லையா?