கறுப்புக் காரைக் காயவைத்த கதை

என்னிடம் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. ஒரு முத்திரைகூட விழாமலே அது காலாவதியாகிப் போனது. ஏன் வெளிநாடு போகவில்லை என்று கேட்கிறவர்களிடம், "அந்த ஊர் வெயில் நம்ம உடம்புக்கு ஒத்துக்காதுங்க" என்று சொல்லிவைப்பேன். (பாபநாசத்துச் சித்திரை வெயிலில் குடையில்லாமல் அலைகிறவன் பேசுகிற பேச்சா இது என்று ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லை. நல்ல மனுஷர்கள்.) நடந்தது வேறு. ஒரு காரைக் கழுவி, கீறல் விழாமல் ஈரத்தை எடுக்கச் சொன்னார்கள். எனக்கு எடுக்கத் தெரியவில்லை.

எங்கள் ஊருக்கு எஸ்.டி.டி. பூத் வந்து, வீட்டுக்கு ஒருத்தராக மஸ்கட், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். என் அக்கா ரோசியின் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒரு பெரிய வீட்டில் டிரைவர். கிறிஸ்துமஸ் லீவில் வந்த அத்தான், கன்னங்கரேல் என்று ஒரு புதுக் காரை எடுத்தார். தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோய் சாமியாரிடம் மந்திரித்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் அதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டு போனார்கள்.

அத்தானின் முதலாளி வீட்டில் வண்டிகளைக் கழுவிப் பராமரிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு விசா வந்துவிடும். டிரைவிங் லைசென்ஸ் ஒன்றைத் தவிர சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லாத இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இது சாதாரண விஷயமா? அம்மா தெருவெல்லாம் சொல்லி முடித்து, அடுத்த தெருவில் பாதி சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலையில் அத்தானும் அக்காவும் துணி எடுக்கத் தஞ்சாவூருக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில்தான். (கார் அழுக்காகிவிடுமாம்.) கிளம்புவதற்கு முன்னால் அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"கழுவுறதை யாரு வேணாலும் கழுவிருவான் மாப்ள. ஈரத்தை எடுக்கிறதுலதான் வேலையே இருக்கு. நாளைக்கு வண்டியில ஒரு கோடு தெரியக் கூடாது. இதை ஒழுங்கா செஞ்சிட்டேன்னா திங்கக்கிழமை முதலாளிக்கு போன் போட்டுர்றேன்."

பிறகு விதிகளைச் சொன்னார். வெயிலில் காயவிடக் கூடாது. சொட்டுச் சொட்டாக வெள்ளைத் தழும்பு விழும். துண்டு, வேட்டி, பழைய பனியன் எதுவும் ஆகாது. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. அழுத்தவே கூடாது. துடைக்கிற துணி தரையில் விழுந்தால் அதைத் திரும்பத் தொடக் கூடாது, ஒட்டின மணல் பெயிண்டைக் கிழித்துவிடும். சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குப்பியை என் கையில் கொடுத்தார். உள்ளே மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த, மஞ்சள் நிறத்தில் ஒரு தோல் துணி. அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வண்டிமேல் விரித்து, மெதுவாக இழுக்க வேண்டும்.

எனக்கு அங்கேயே தலை சுற்றியது. ஈரத்தை எடுப்பதற்கு ஈரத்துணியா? தலை துவட்டத் துண்டைக் கிணற்றில் முக்கியா எடுப்பார்கள்? கேட்டிருக்கலாம். கேட்டால் விவரம் தெரியாத பயல் என்று விசா போய்விடுமோ என்று, எல்லாம் புரிந்தவனைப் போலத் தலையாட்டினேன். (என் வாழ்க்கையில் பாதிச் சங்கடங்கள் இப்படித் தலையாட்டி வாங்கியவைதான்.)

மோட்டாரைப் போட்டுக் குழாயில் கழுவினேன். அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. குப்பியைத் திறந்து தோலை எடுத்தால், கருவாட்டுக்கு அண்ணன் மாதிரி விறைத்துக் கிடந்தது. நனைத்தேன். இப்போது விலாங்கு மீன் மாதிரி வழுக்கியது. பிழிந்தேன். கையிலிருந்து நழுவி நேராக மணலில் போய் விழுந்தது. விதிப்படி அதைத் தொடக் கூடாது. ஆக, வேலை தொடங்குவதற்கு முன்பே துணி செத்துப்போனது.

தொடாமல் ஈரத்தை எடுப்பது எப்படி என்று யோசித்தபடி வாசலில் நின்றேன். எந்தத் துணி பட்டாலும் கீறும், வெயில் பட்டால் தழும்பு. மீதி இருப்பது காற்று ஒன்றுதான். அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியிலிருந்து தடதடவென்று ஒரு சத்தம் வந்தது. தனபால் அண்ணன் களத்தில், டீசல் இன்ஜினில் ஓடுகிற பெரிய காத்தாடி. சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அடித்த நெல்லை அதன் முன்னால் கூடையில் தூக்கிக் கொட்டினால் மணி கீழே விழும், பதர் பறந்துவிடும். நெல்லில் இருக்கிற பதரையே பிரிக்கிற காற்றுக்கு, காரில் இருக்கிற தண்ணீர் எம்மாத்திரம்?

நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஈரம் சொட்டச் சொட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். டீ குடிக்கிற நேரம். காத்தாடியை நிறுத்திவிட்டு, வேலை செய்கிற பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தனபால் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "விசாவுக்கா? நல்லா காயவச்சுக்க" என்று இன்ஜினை முடுக்கிவிட்டு, சாக்குத் தைக்கும் நூல் வாங்கக் கடைக்குப் போய்விட்டார். மரநிழல் விழுகிற இடமாகப் பார்த்துக் காத்தாடிக்கு நேராகக் காரை நிறுத்தினேன். பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாக ஓடிச் சரிந்தது. ஒரு விரல்கூடப் படாமல். அந்த அழகைத் தனியாகப் பார்க்க மனசு வராமல், அம்மாவைக் கூட்டிவர வீட்டுக்கு ஓடினேன்.

வாங்கம்மா, வாங்கம்மா என்று இழுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது களம் முழுக்க ஒரே மஞ்சள் புகை. அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்:

"கார் எங்கடா?"

கார் அங்கேதான் இருந்தது. பதரும் வைக்கோல் துணுக்கும் நெல் சுணையும் ஈரத்தில் அப்பி, எள்ளுருண்டையில் எள் ஒட்டின மாதிரி, கறுப்பு என்பதே தெரியாமல் நின்றது. அஞ்சலை அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் காத்தாடி முன்னால் மும்முரமாக நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓடிப்போய் இன்ஜினை நிறுத்தினேன். அஞ்சலை அக்காதான் ஆச்சரியமாகக் கேட்டார்.

"ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? காத்தாடி ஓடுனா தூத்துறதுதானே எங்க வேலை."

"கார் நிக்குதுக்கா."

"நிக்கிறதைப் பார்த்தோம். எதிர்வீட்டு வாத்தியார் பதர் பறக்குதுன்னு நேத்து சண்டை போட்டாரு. தனபால் அண்ணன் மறைப்புக்கு ஏதாச்சும் ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருந்தாரு. அதான் உங்க காரைக் கொண்டாந்து நிறுத்தச் சொல்லியிருக்கார்னு நினைச்சோம்." கொஞ்சம் யோசித்து, "நல்லாத்தான் மறைச்சிச்சு. வாத்தியார் வீட்டுக்கு ஒண்ணும் போகலை" என்றும் சொன்னார்.

விசா விவரத்தை அம்மா சொன்னதுதான் தாமதம், நான்கு பெண்களும் பதறிப்போனார்கள். ஒருத்தர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், இரண்டு பேர் சாக்கை எடுத்தார்கள், அஞ்சலை அக்கா கைக்குக் கிடைத்த கோணியோடு பானெட்டில் ஏறாத குறையாகத் துடைக்க ஆரம்பித்தார். சர்ர், சர்ர் என்று சத்தம். சுணை என்பது தொட்டால் நமக்கே அரிக்கிற பொருள், பெயிண்டை விடுமா? துண்டு ஆகாது, வட்டம் ஆகாது, அழுத்தம் ஆகாது, வெயில் ஆகாது என்று ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது. அத்தனையும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. நிழல்கூட நகர்ந்திருந்தது. நிறுத்தச் சொல்லவும் முடியவில்லை. அவ்வளவு பாசமாகத் துடைத்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி கழுவினேன். அப்போதுதான் ஒரு அதிசயம். தண்ணீர் பட்டதும் கீறல் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி மாதிரி மின்னியது. "மாதாவே, போயிருச்சு" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டேன். கொஞ்சம் காய்ந்தது. கதவோரத்தில் ஒரு கோடு எட்டிப் பார்த்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. தண்ணீர் ஊற்றினேன், மறைந்தது. காய்ந்தது, வந்தது. எது நிஜம், எது பொய் என்றே பிடிபடவில்லை. கடைசியில் நான் எட்டின முடிவு இதுதான்: அத்தான் பார்த்துவிட்டுப் போகிறவரைக்கும் இந்த வண்டி காயவே கூடாது.

காயவைக்க வந்தவன் குழாயைப் பிடித்துக்கொண்டு, காயாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அத்தானும் அக்காவும் வந்தார்கள். வாசலெல்லாம் சேறு, நடவுக்குத் தயாரான வயல் மாதிரி இருந்தது. அத்தான் வண்டியைச் சுற்றி வந்து, "பளிச்சுனு இருக்கு மாப்ள. ஆனா இன்னுமா காயலை?" என்றார்.

"ஈரம் வந்துக்கிட்டே இருக்கு அத்தான்."

"எங்கேருந்து?"

வானத்தைப் பார்த்தேன். மேகமே இல்லை. மறுபடியும் குழாயைத் தூக்கினேன். அத்தான் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, காருக்கு எதிரே உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"இரு. தானா காயட்டும்."

அந்த அரைமணி நேரத்தை நான் எப்படிச் சொல்வேன். முதலில் பானெட் வட்டம் வட்டமாகக் கோலம் போட்டது. அப்புறம் கதவுகள். அப்புறம் டிக்கி. ஒவ்வொரு கோடும் வெளியே வரும்போது அத்தான் தலையை லேசாக ஆட்டினார், கச்சேரி கேட்கிற மாதிரி. கடைசியில் கண்ணாடியின் ரப்பர் இடுக்கிலிருந்து ஒரு நெல்மணியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சம்பாவா?" என்றார்.

"ஆமாங்க அத்தான்."

ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வேளாங்கண்ணியில் சாமியார் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். பானெட்டில் தண்ணீர் பட்ட இடமெல்லாம் கீறல் மறைந்தது. அம்மா கண்கலங்கிவிட்டார். "பாத்தீங்களா மாப்ளே, மாதா கீறலையெல்லாம் அழிச்சிட்டா" என்று அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தானா காயட்டும் அத்தை. அப்புறம் பேசுவோம்" என்றார் அத்தான்.

அக்காதான் முதலில் சிரித்தது. அப்புறம் அத்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விசா விஷயத்தில் அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் அர்த்தம் தெரிந்தது. "அங்க சுத்தி மணல்காடு மாப்ள. உன்னை வண்டி காயவைக்கச் சொன்னா எங்க கொண்டுபோய் நிறுத்துவியோன்னு எனக்கு இப்பவே பயமா இருக்கு." விசா அத்தானின் தம்பிக்குப் போனது. விசா கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்த அம்மா, அதே வேண்டுதலை எனக்குப் புத்தி கேட்டு மாற்றிக்கொண்டுவிட்டதாகக் காரிலேயே அறிவித்தார்.

நான் இங்கேயே இருந்து, பம்ப் செட் சாமான் விற்கிற கடை வைத்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டேன். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அத்தான்தான் ஞானத்தகப்பன். சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். நெற்றியில் வழிகிறதே என்று நான் கைக்குட்டையை நீட்டினேன்.

"தொடாதே மாப்ள" என்று காதருகே குரல் வந்தது. "தானா காயட்டும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டது. அம்மாவின் தோள் குலுங்கியது. என்ன நடக்கிறது என்று புரியாமல் சாமியார் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். நான் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.