பச்சை காட்டிய முன் ஆக்சில்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று மனித குலத்துக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தச் சக்கரத்தைத் திருத்தி அமைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் என் மாப்பிள்ளை. என் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனிதர் தினமும் நம் வீட்டுக் குழாயில்தான் பல் தேய்க்கிறார் என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

வீட்டில் இருந்த சின்னக் காரை விற்றுவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற காட்டு வண்டி ஒன்றை மாப்பிள்ளை வாங்கினார். வாங்கிய வண்டி ஒழுங்காக ஓடியது. அதுதான் அதன் குறை. அவர் உறுப்பினராக இருக்கும் 'கரடுமுரடுக் கழக'த்தில் ஒழுங்காக ஓடும் வண்டிக்கு மரியாதை கிடையாது. கழகத்தின் கொள்கை உயர்ந்தது. சரியாக நாலு அங்குலம் உயர்ந்தது. ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியைத் தூக்கி, டயரைப் பெரிதாக்கிய பிறகே ஒருவர் முழு மனிதராகிறார். தலைவரின் வண்டி எவ்வளவு உயர்ந்ததென்றால், அவர் ஏறுவதற்கு ஒரு மடக்கு ஏணி வைத்திருக்கிறார். இறங்குவதற்கும் அதே ஏணிதான், சிக்கனமான மனிதர்.

காட்டையும் ஆற்றையும் கடக்க வல்ல இந்த வண்டிகள் வாராவாரம் ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில் கூடி, அங்கிருக்கும் வேகத்தடையைக் கடக்கின்றன. கடந்ததும் கைதட்டல். வண்டியில் சேறு படவில்லையே என்ற ஏக்கத்தைப் போக்க ஓர் உறுப்பினர் வாளியில் சேறு கரைத்துக்கொண்டு வருவார். பெயிண்ட் பிரஷால் பக்குவமாகப் பூசிக்கொள்வார்கள். கண்ணாடியில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்வார்கள். பாதுகாப்பு முக்கியம் அல்லவா.

மாப்பிள்ளையும் தூக்கினார். தூக்கிய அன்றே வண்டி சுயமாகச் சிந்திக்கத் தொடங்கியது. வளைவில் திருப்பினால் திரும்பும். ஆனால் நேருக்கு வர மனசு வராது, திரும்பிய பக்கமே போய்க்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் முழுவதும், குளிப்பாட்டிய நாய் மாதிரி உதறும்.

காரணம் எளிது. சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வு இருப்பதால்தான் ஹேண்டில்பார் தானாக நேருக்கு வருகிறது. காட்டு வண்டியின் முன் ஆக்சிலிலும், அதாவது முன் சக்கரங்களை இணைக்கும் அச்சிலும், அப்படியொரு சாய்வு உண்டு. வண்டியைத் தூக்கினால் ஆக்சில் லேசாகப் புரண்டு, அந்தச் சாய்வு தொலைந்துபோகும். ஆக்சிலே ஒரு பக்கமாக நகர்ந்தும் போகும். அடியில் ஆக்சிலைப் பிடித்திருக்கிற ராடுகளை அளவு பார்த்து மாற்றினால் இரண்டும் பழைய இடத்துக்கு வந்துவிடும். கழகத்தில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் ராடு வண்டிக்கு அடியில் இருக்கும் பொருள். அதைப் படம் பிடித்துப் போட்டு யாரிடம் பாராட்டு வாங்குவது? எனவே மாப்பிள்ளை கூரைமேல் ஒரு வரிசை விளக்குப் பொருத்தினார். வண்டி எங்கே போய் மோதப் போகிறது என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது.

என் மகளுக்குத்தான் ரசனை போதாது. திங்கட்கிழமை முதல் அவளுக்கு நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் கிளையில் வேலை. வீட்டில் இருப்பது இந்த ஒரே வண்டி. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் மாப்பிள்ளை முன்னால் நின்றாள்.

"என்னங்க, பக்கத்துல பஸ் வந்தா உங்க வண்டி அது மேல போய்ச் சாயுது. நான் இந்தப் பக்கம் இழுத்தா அது அந்தப் பக்கம் இழுக்குது. இது வண்டியா, உங்க அக்காவா?"

"வண்டிக்கு உன்னைப் பழகணும்மா."

"அது பழகறதுக்குள்ள நான் செத்துட்டேன்னா? ஞாயித்துக்கிழமைக்குள்ள இது நேரா ஓடணும். இல்லேன்னா வித்துடுவேன். சொல்லிட்டேன்."

"மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"என்னத்த மாப்பிள்ளை சொல்றது? உங்க அக்காவைப் பத்தி நான் பேசறது நல்லாவா இருக்கும்?" என்றேன்.

கழகம் அவசரக் கூட்டம் கூட்டியது. நீண்ட நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் பயிற்சி எனக்கு இருப்பதால், என்னையும் 'பார்வையாளர்' தகுதியில் அழைத்தார்கள். தலைவர் ஏணியிலிருந்து இறங்காமலேயே பேசினார்.

"வண்டி இழுக்குதுன்னு சொல்றது தப்பு. ரோடு சாய்ஞ்சிருக்கு. வண்டி பாவம், ரோட்டை மதிச்சு நடக்குது."

உடனே ஓர் ஆய்வுக் குழு புறப்பட்டது. அதே சாலையில் எதிர்த் திசையில் ஓட்டிப் பார்த்தது. அப்போதும் வண்டி இடது பக்கமே போனது. குழு திரும்பி வந்து அறிக்கை சமர்ப்பித்தது: "தலைவரே, ரோடு ரெண்டு பக்கமும் சரியில்ல."

"ஏங்க, அந்த ராடை மாத்திட்டா என்ன?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

கூட்டம் என்னை இரக்கத்தோடு பார்த்தது. தலைவர் ஓர் ஏணிப்படி கீழே வந்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய இறக்கம். "ஐயா, நீங்க பெரியவர். ராடு கீடுன்னெல்லாம் பேசி உடம்பைக் கெடுத்துக்காதீங்க. நம்ம டாக்டர்கிட்ட காட்டுவோம்."

டாக்டர் என்பவர் கழகத்தின் பொருளாளர். ஒரு வீல் அலைன்மென்ட் கடையின் முதலாளி. கடைக்குச் 'சக்கர நல மையம்' என்று பெயர் வைத்து, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வண்டியை மேடையில் ஏற்றினார்கள். சக்கரங்களில் என்னவோ தகடுகளை மாட்டினார்கள். எதிரில் பெரிய திரை. அளவு சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு. திரை முழுவதும் சிவந்தது.

"டாக்டர், என்ன இப்படிச் சிவந்து போச்சு?" மாப்பிள்ளை திரைக்கு முன்னால் ஓடினார்.

"பதறாதீங்க ப்ரோ. சிவப்புன்னா கம்பெனி சொன்ன அளவுல இல்லைன்னு அர்த்தம். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"கம்பெனி யாரு? வண்டியைத் தாழ்வா செஞ்சு வித்தவன். அவன் அளவு நமக்கு எதுக்கு?"

சொல்லிக்கொண்டே தட்டினார். வண்டியின் ஆக்சில் எந்தக் கோணத்தில் இருந்ததோ, அந்தக் கோணத்தையே 'இருக்க வேண்டிய கோணம்' என்று கணினிக்குள் போட்டார். சக்கரங்கள் எப்படிக் கோணிக்கொண்டு நின்றனவோ, அதையே 'சரியான நிலை' என்று போட்டார். ஒரு ஸ்பேனர்கூடத் தொடப்படவில்லை. திரை மூலையில் ஒரு பச்சை முளைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு திரையே வயலாகிவிட்டது. ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இலக்கை நோக்கி மனிதர்கள் ஓடி நான் பார்த்திருக்கிறேன். இலக்கு எழுந்து நம்மிடம் நடந்து வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஸ்டீயரிங் மட்டும் கோணலா இருக்கே டாக்டர்?"

"அது சின்ன ஆபரேஷன்." ஸ்டீயரிங்கின் நடு நட்டைக் கழற்றினார், வட்டத்தை உருவினார், நேராகத் திருப்பி மறுபடி சொருகினார். கீழே ஆக்சில் இருந்தபடியே இருந்தது. மேலே எல்லாம் நேர். 'நேர்' என்று எழுதிய பச்சை ஸ்டிக்கர் ஒன்றையும் முன்கண்ணாடியில் ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் ஒப்படைப்பு விழா. வண்டிகள் வரிசையாக நின்றன. சேறு புதிதாகப் பூசப்பட்டிருந்தது. தலைவர் உரையாற்றினார். "இந்த வண்டி எந்த ரோட்டுக்கும் தகுதியானதுன்னு கழகம் ஏகமனதா அறிவிக்குது. ஒத்துக்கறவங்க கை தூக்குங்க!" எல்லாரும் கை தூக்கினார்கள். மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கினார்.

"ஏம்மா, உக்காந்து பாரும்மா. வெண்ணெய் மாதிரி போகும்," என்றார் டாக்டர்.

மகள் ஏறி உட்கார்ந்தாள். மெதுவாக ஓட்டினாள். காலி இடத்தில் இடது பக்கம் திருப்பினாள். திருப்பிவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து எல்லாரும் பார்க்கும்படி மேலே தூக்கினாள்.

வேறு வண்டியாக இருந்தால் ஸ்டீயரிங் தானாகச் சுழன்று நேருக்கு வந்திருக்கும். இது வரவில்லை. நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல், இடது பக்கமே வளைந்து வளைந்து கழகத்தை நோக்கி வந்தது. கழகம் கலைந்தது. வாளி உருண்டது. தலைவர் ஏணி இல்லாமலே தன் வண்டியில் ஏறினார். அது முடியும் என்று அன்றுதான் அவருக்கே தெரிந்தது. மகள் பிரேக் போட்டாள். முன்பக்கம் ஒரு தரம் உதறி அடங்கியது.

தூண் மறைவிலிருந்து டாக்டர் தலையை நீட்டினார். "அளவுப்படி வண்டி கரெக்ட். நாமதான் தப்பான இடத்துல நின்னுட்டோம்."

"அப்படியா?" மகள் கண்ணாடியை இறக்கினாள். "ரொம்ப சந்தோஷம். நாளைக்குக் காலைல இதே வண்டில நெடுஞ்சாலைல போறேன். பக்கத்து சீட் காலியா இருக்கு. கை தூக்கினவங்கள்ல யாராவது ஒருத்தர் கூட வாங்களேன்."



"எனக்கு முதுகு வலிம்மா," என்றார் தலைவர், தாவி ஏறிய மூச்சு இன்னும் வாங்க.

"கடையை யார் பாக்கறது?" என்றார் டாக்டர்.

காடு, மலை, ஆறு மூன்றையும் கடப்பதாகச் சட்டையிலேயே அச்சடித்திருந்த ஒருவர், "எனக்குத் தூரமாப் போனா வாந்தி வரும்," என்றார்.

"பின் சீட்டும் காலிதான்," என்றாள் மகள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நீங்க வாங்க. உங்க வண்டி தானே?"

மாப்பிள்ளை டயரைப் பார்த்தார். கூரை விளக்கைப் பார்த்தார். "நாளைக்கு... எனக்கு ஆபீஸ்ல ஒரு மீட்டிங் இருக்கும்மா."

மகள் இறங்கி, சாவியை என் கையில் வைத்தாள். "அப்பா, வாங்க, பஸ்ல போவோம். வாங்கறதுக்கு ஆள் வந்தா முதல்ல ராடு மாத்தணும்னு சொல்லிட்டு வித்துடுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபோது, கழகத்தை நான் இன்னும் போதிய அளவு புகழவில்லை என்று தோன்றியது. விவரம் தெரியாத கூட்டம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த ஆக்சில் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பள்ளத்தில் உதறும் என்பதெல்லாம் அவர்களுக்கு, என் மாப்பிள்ளை உட்பட, அந்தத் திரையைவிடத் துல்லியமாகத் தெரியும். தெரிந்ததால்தான் ஒருவர்கூட ஏறவில்லை. தெரிந்துகொண்டுதான் என் மகளை ஏறச் சொன்னார்கள்.