அஞ்சு கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே

மின்சாரத்தைத் தொட்டவர்கள் உண்டு. தொட்டுச் செத்தவர்களும் உண்டு. மயிலாப்பூர் முழுவதிலும் மின்சாரத்தைக் காதால் கேட்டு, அதற்குச் சுருதி சொன்னவர் ஒருவர்தான். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அவர் மனைவியே அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் ‘அஞ்சு கட்டை’.

தெரு டிரான்ஸ்ஃபார்மர், பழைய டியூப் லைட்டின் சோக், ஜூஸ் கடை ஃபிரிட்ஜ் எல்லாம் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் போடும். நமக்கு அது சத்தம். அவருக்கு அது ஸ்வரம்.

“வூட்டுக்கு வர்ற கரண்ட்டு ஒரே பக்கமா ஓடாது நைனா. செகண்டுக்கு அம்பது தபா போய்க்கினு வந்துக்கினு கீது. போ சொல்ல ஒரு தபா இரும்ப இழுக்கும், வர சொல்ல ஒரு தபா இழுக்கும். ஆக நூறு உதறல். ஆர்மோனியத்துல வெச்சுப் பாரு, அஞ்சாவது வெள்ளக் கட்டைக்கு ஒரு மயிரிழ மேல நிக்கும்.”

வைத்துப் பார்த்தேன். நின்றது.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது முப்பத்தொரு வயதில். அதற்குள் ஏழு ஊர், பதினோரு வேலை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்தேன், ஓசூரில் கோழிப்பண்ணையில் பல்பு மாற்றினேன், வேலூரில் ஐஸ் கம்பெனியில் விரல் மரத்துப்போகும்வரை வேலை பார்த்தேன். சென்னைக்கு வந்த மூன்றாம் நாள், காலையில் சாப்பிடாமல் அவர் கடை வாசலில் நின்றேன். உள்ளிருந்தே நேர்காணல் நடந்தது.

“ஷாக் அடிச்சிருக்கா?”

“ரெண்டு தடவைண்ணே. வேலூர்ல ஒண்ணு, ஓசூர்ல ஒண்ணு.”

“செத்தியா?”

“இல்லைங்க.”

“அப்ப உள்ள வா.”

சம்பளம், படிப்பு, சாதி, ஊர் எதுவும் கேட்கவில்லை. இட்லி வாங்கிக் கொடுத்தார். கடைக்குள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு மேலே ஒரு பரண் இருந்தது. அங்கே படுத்துக்கொள்ளலாம் என்றார்.

அவரோடு வெளியே போவது பெரிய சோதனை. தெருவில் நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிடுவார். “அம்மா, உங்க ஃபிரிட்ஜு செவுத்துல முட்டிக்கினு கீது. ரெண்டு இஞ்சு முன்னால இழுங்க, சத்தம் வராது” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அதே வேகத்தில் நடப்பார். பின்னால் திட்டு வாங்கிக்கொள்வது என் வேலை.

ஒரு தீபாவளிக்கு மனைவியைத் தியாகராய நகருக்குப் புடவை எடுக்க அழைத்துப்போனார். நானும் பை தூக்கப் போனேன். ஐந்து மாடிக் கடை. இரண்டாம் மாடியில் ஒரு விளக்கின் கீழ் நின்று தலையைச் சாய்த்தார். “இதுல ஒரு சோக்கு செத்துக்கினு கீது” என்றார். விற்பனைப் பெண் பாவம், அது புடவையின் ரகம் என்று நினைத்து, மூன்றாம் மாடியில் கிடைக்கும் என்றாள். மனைவி புடவை எடுத்து, ரவிக்கைத் துணி எடுத்து, பஸ் ஏறி வீட்டுக்கே போய்விட்டார். இவர் ஏணி கேட்டு அந்தக் கடை மேலாளரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“ஊர்ல கீற எல்லாச் சத்தமும் அவருக்குக் கேக்கும். நான் கூப்ட்டா மட்டும் காது அவுட்டு” என்பார் மனைவி.

மாம்பலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. மாப்பிள்ளைக்கு மாலை போடும் நேரத்தில் இவர் மேடைக்குப் பக்கத்தில் நின்று அலறினார். “நாலரைக்கு எறங்கிட்டான்! நாலரைக்கு எறங்கிட்டான்!” பெண் வீட்டார் நகை விஷயம் என்று பயந்துவிட்டார்கள். விஷயம் அதுவல்ல. சமையலறையில் கிரைண்டரையும் மேலே ஏசியையும் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் சுற்றும் வேகம் குறைந்திருக்கிறது. சுற்று குறைந்தால் கரண்ட் போய்வரும் எண்ணிக்கையும் குறையும், சுருதி இறங்கும். ஓடிப்போய் ஒரு ஏசியை நிறுத்தினார். “ஆங், அஞ்சு” என்று நிம்மதியாக வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குத்தான் வியர்த்தது.

எனக்குப் பாடமெல்லாம் நடத்தியதில்லை. தானாகப் பேசிக்கொண்டிருப்பார், காதில் விழுவது விழும். ஒரு நாள் பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “காந்தம் சும்மா குந்திக்கினு இருந்தா பக்கத்துல கீற ஒயரு திரும்பிக்கூடப் பாக்காது. அசையணும் நைனா. அசைஞ்சாத்தான் அதுல கரண்ட்டு பொறக்கும்.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீயும்தான் ஏழு ஊரு அசைஞ்சிகீற. ஒண்ணியும் காணோமே?”

“பக்கத்துல ஒயர் இல்லைண்ணே.”

அரை மணி நேரம் சிரித்தார். வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். நாங்கள் வருடா வருடம் டிசம்பர் சீசனுக்கு மைக் செட் போடும் சபாவின் செயலாளர். காரணம் உண்டு. ஒரு உபன்யாசத்தின் நடுவில், எது எந்த பிளக் என்று தெரியாமல், மைக்கைப் பிடுங்கிவிட்டு என் போனுக்குச் சார்ஜ் போட்டேன். ராமர் வில்லை எடுத்தார், ஒடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

“கட்டை, அந்த ஊர்சுத்தியை வெச்சுண்டு வேலை பாக்காதேன்னு எத்தனை தரம் சொல்றது? இந்த சீசன்ல அவனால ஏதாவது கோளாறு வந்தது, ஒண்ணு அவன் போகணும், இல்லே நீயும் சேர்ந்து போயிடணும்” என்றார், என்னை வைத்துக்கொண்டே. அந்தச் சபாதான் அஞ்சு கட்டைக்குப் பாதி வருடச் சோறு. எனக்கோ பரணை விட்டால் எழும்பூர் ஸ்டேஷன்தான்.

முக்கியமான கச்சேரி நாள் வந்தது. காலையில் மைக்கெல்லாம் சோதித்தோம். ஸ்பீக்கரில் அந்த ‘ம்ம்ம்’ ஹம்மிங் இல்லை. அஞ்சு கட்டை கண்ணை மூடி, “சுத்தம்” என்றார். மத்தியானம் செயலாளர் மேடைப் படிக்கட்டுப் பக்கம் வந்து, “என்னய்யா இது, பாம்புப் புத்து மாதிரி ஒயர் கெடக்கறது?” என்று முகம் சுளித்துவிட்டுப் போனார். அவரிடம் நல்ல பெயர் வாங்க இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. மிச்சமாகக் கிடந்த மைக் ஒயரையும், மேடை விளக்குக்குப் போகும் கரண்ட் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து, வட்ட வட்டமாகச் சுற்றி, பூக்காரம்மாவிடம் வாங்கிய வாழை நாரால் நாலு இடத்தில் கட்டி, படிக்கு அடியில் வைத்தேன். பனியன் மடித்த கை. பார்க்க அழகாக இருந்தது.

மாலை ஆறே கால். திரை விலகியது, மேடை விளக்குகள் எரிந்தன. கூடவே ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’.

பாடகி அம்மா ஐந்தரைக் கட்டைக்காரர். கீழே ஒருவன் ஐந்தில் முனகினால் எப்படிப் பாடுவார்? அடுப்பில் ஏதோ தீயும் வாடை வந்ததுபோல் மூக்கைச் சுருக்கினார். அஞ்சு கட்டை பாய்ந்தார். முதலில் கேன்டீனுக்குப் போய் ஐஸ்கிரீம் பெட்டியை நிறுத்தினார். போகவில்லை. முதல் வரிசை விசிறிகளை நிறுத்தினார். புரவலர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். போகவில்லை. கடைசியில் மேடையில் தவழ்ந்து பாடகியிடம் போனார். மைக் எல்லாவற்றையும் சபைக்குச் சொன்னது.

“அம்மா, ஒரே ஒரு அரக் கட்ட எறங்கிக்கிறீங்களா? கரண்ட்டோட கலந்துரும், தெரியாது.”

“நான் எறங்கணுமா? ஏன், உங்க கரண்ட்டை அரைக் கட்டை ஏத்துங்களேன்!”

“அது நம்ம கையில இல்லம்மா. நாடு பூரா ஒரே சுருதி.”

சபை சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்துப் பார்க்கச் சொன்னார் அஞ்சு கட்டை. அணைத்ததும் ஹம்மிங் போயிற்று. போட்டதும் வந்தது. “லைட்டு ஒயரு!” என்று கத்தி, அதைப் பிடித்துக்கொண்டு மிருதங்கக்காரரின் முழங்காலுக்குப் பக்கமாக ஊர்ந்து, மேடையிலிருந்து இறங்கி, படிக்கு அடியில் தலையை விட்டார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

அவர் அந்தச் சுருளைக் கையில் எடுத்தார். விரலை வைத்து எண்ணினார். செயலாளரும் குனிந்து நின்றார்.

“என்ன அது? யார் வேலை?”

அஞ்சு கட்டை வாய் நிறையப் பொய் சொல்லக்கூடியவர். வீட்டில் சொல்வார், கடன்காரனிடம் சொல்வார். கரண்ட் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொய் வராது. என்னைக் கை காட்டினார்.

“இவன் வேலதான் சார். லைட்டு ஒயர்ல கரண்ட்டு போய்க்கினு வந்துக்கினு அசையுது. அத்த கட்டிப்புடிச்சு மைக் ஒயரச் சுத்துனா, தொடாமலே இதுக்கும் ஏறிக்கும். இதுக்குப் பேரு டிரான்ஸ்ஃபார்மர். ஒம்போதாங் கிளாஸ் தாண்டாதவன் சுத்திகீறான் பாருங்க. பதினெட்டு சுத்து, ஒண்ணு கோணல் இல்ல. கடையில காசு குடுத்தாக்கூட இவ்ளோ நேர்த்தியா வராது சார்!”

“அவனை இன்னிக்கே அனுப்பறியா இல்லையா?” என்றார் செயலாளர்.

அஞ்சு கட்டை நாரை அறுத்து, இரண்டு ஒயரையும் பிரித்து, ஆளுக்கொரு மூலையில் போட்டார். ஹம்மிங் நின்றது. பாடகி சுருதி சேர்த்தார். இவர் சவுண்ட் மிக்சர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எந்த ஊரிலும் என்னைப் போகச் சொல்லும்வரை நான் காத்திருந்ததில்லை. மறுநாள் காலை விடிந்ததும் இரண்டு சட்டையையும் பாயையும் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பரணிலிருந்து இறங்கினேன். பாதிதான் திறந்திருந்த ஷட்டருக்கு அடியில் ஒரு மர உருளை உருண்டு வந்தது. நூறு மீட்டர் புது ஒயர். பின்னால் அஞ்சு கட்டை.

“இன்னா, காலங்காத்தால மூட்ட?”

“சபா என்னாச்சுண்ணே?”

“போச்சு. அடுத்த சீசன் வேற ஆளப் பாத்துக்கங்கன்னு கச்சேரி முடிஞ்ச கையோட சொல்ட்டு வந்துட்டேன்.”

“என்னாலயா?”

“உன்னாலதான். வேற யாரால?” அவர் குரலில் கோபம் இருந்தது. கோபத்தோடேயே ஒயரின் நுனியை என் கையில் திணித்தார். “மாம்பலத்துல ஒரு ஸ்கூல் விழா புடிச்சுகீறேன். இருவது இருவது மீட்டரா வெட்டணும். கெட்டியாப் புடி.”

பையைக் கீழே வைத்தேன். அவர் உருளையை உருட்டிக்கொண்டு சந்தின் மறுகோடிக்குப் போனார். இப்போது அவர் பெசன்ட் நகரில் மகள் வீட்டில் இருக்கிறார். கடலுக்குச் சுருதியே இல்லை என்று போனில் குறைப்படுகிறார். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். அன்று காலை, பால்காரரையும் பள்ளிக்கூட ஆட்டோவையும் தாண்டி, சந்தின் அந்தக் கோடியிலிருந்து அவர் கத்தினார்:

“வுட்றாத நைனா!”

எட்டு வருடம் ஆகிறது. விடவில்லை.