ஆள் என்று கருதப்படாதவர்

விதிப்பிரியர் என்றொரு இனம் உண்டு. எது கட்டாயம், எது அனுமதி, எது தடை என்று கணினிக்கு எழுதிக் கொடுத்தே பிழைக்கிற இனம். அதோடு விட்டால் பரவாயில்லை. விடுமா? "சாப்பிட வாங்க" என்று மனைவி கூப்பிட்டால், "இது அனுமதியா, கட்டாயமா?" என்று கேட்கும்.

"என் தலையெழுத்து" என்பாள் அந்த அம்மாள்.

நம் விதிப்பிரியர் அலுவலகக் கதவுக்கு விதிகள் எழுதினார். கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்தே ஆக வேண்டும். அணைக்கும்வரை அவருக்குக் கதவு திறக்காது. ஆள் இருக்கும் அறையில் விளக்கை அணைக்கத் தடை. முத்து முத்தான விதிகள்!

முதல் நாள் மாலை. எல்லோரும் போன பிறகும் அவர் மட்டும் உட்கார்ந்து தன் விதிகளையே ரசித்துக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். தலைப்பிரசவம்.

"வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். பயமா இருக்கு, ஓடி வாங்க!"

ஓடினார். கதவு திறக்கவில்லை. சுவிட்சைத் தட்டினார். விளக்கு அணையவில்லை.

"அடடா, என்ன அழகான முரண்பாடு!" என்றார் போனில்.

"இங்க உயிர் போகுது, உங்களுக்கு அழகா?"

விதியைத் திருத்த வேண்டியதுதானே என்பீர்கள். எழுதியவரே தனக்காகத் திருத்தக் கூடாது; அதுவும் அவர் எழுதியதுதான். ஆள் இருந்தால் விளக்கு அணையாது என்று அவர் விளக்க விளக்க, அந்தப் பக்கம் பொறுமை போய்விட்டது.

"அப்படின்னா நீங்க ஆளே இல்லைன்னு அதுகிட்ட சொல்லித் தொலைங்க!"

சொன்னார். விதியைத்தானே தொடக் கூடாது, பதிவேட்டைத் தொடலாமே! கணினியில் தன் படத்துக்குக் கீழே இருந்த 'ஆள்' என்பதை எடுத்துவிட்டு, 'சாமான்' என்று போட்டார். விளக்கு அணைந்தது, கதவு திறந்தது. சந்தோஷம் தாங்கவில்லை மனிதருக்கு. மன்னிக்கவும், சாமானுக்கு.

பிரசவ வார்டின் கதவுக்கும் அவர்தான் விதி எழுதியிருந்தார். இரண்டுக்கும் ஒரே கணினி. அது அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சாமான்கள் பின்வாசல் வழியாக" என்றது.

கண்ணாடிக்கு அப்பால் மாமியார் துணிச்சுருளைத் தூக்கிக் காட்டினார். "மாப்பிள்ளை, பொண்ணு பொறந்திருக்கா! உள்ள வாங்க!"

"அத்தை, நான் இப்போ மாப்பிள்ளையே இல்ல" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

சிரிக்கிறீர்களா? சிரிக்கலாம், தடையில்லை. ஆனால், 'தடையில்லை என்றால் அனுமதி என்று ஆகிவிடுமா?' என்று ஒரு கணம் யோசித்தீர்கள் அல்லவா? எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள், உங்களை அங்கே ஆள் என்றுதான் வைத்திருக்கிறார்களா என்று.