மருமவன் பின்னால வாராரு

என்னைக் கெடுத்தது என் வாய்தான். கால்கள் பாவம், அவற்றின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

மகள் கயல் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது பள்ளி விளையாட்டு விழாவில் அப்பாக்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நூறு மீட்டர்தான். நான் எழுபதாவது மீட்டரில் உட்கார்ந்துவிட்டேன். (விழவில்லை, உட்கார்ந்தேன். விழுந்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.) வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின் சீட்டில் சத்தமே இல்லை. அதைத் தாங்க முடியாமல், "இந்த நூறு மீட்டரெல்லாம் அப்பாவுக்குச் சரிப்படாதும்மா. நமக்கெல்லாம் நீண்ட தூரம்தான்" என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த மாதமே ஊரில் அரை மாரத்தான் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இருபத்தோரு கிலோமீட்டர். கயல் அதில் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "நீண்ட தூரம்ப்பா" என்றாள்.

மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பவர்களுக்குப் பதக்கம் உண்டு என்று அதில் போட்டிருந்தது. பந்தயம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, அந்தப் பதக்கத்தை வகுப்புக்குக் கொண்டுவருவதாக அவள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பள்ளியில் எனக்கு 'உக்காந்த அப்பா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை அழிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும்தான்.

நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்கிறவன். கப்பலில் வரும் சரக்குக்குக் காகிதம் தயார் செய்யும் வேலை. கண்டெய்னர் நகரும், லாரி நகரும், கிரேன் நகரும். நான் மட்டும் நாற்காலியில் இருப்பேன். ஆனாலும் நான்கு மாதம் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகினேன். (முதல் மாதம் நடந்தேன். அதற்கு ஓட்டம் என்று பெயர் வைத்தது நான்.)

பாதை துறைமுகத்தில் ஆரம்பித்து, கடற்கரைச் சாலை வழியாக ஊருக்குள் புகுந்து, மாப்பிள்ளையூரணி வரை போய்த் திரும்பி, கடற்கரைப் பூங்காவில் முடியும். மாப்பிள்ளையூரணியில்தான் என் மாமனார் வீடு. சரியாகப் பதினாலாவது கிலோமீட்டர், ரோட்டு மேலேயே வாசல். மாமாவும் அத்தையும் வாசலில் நின்று கைதட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். கைதட்டல்தானே என்று நானும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். கடற்கரைச் சாலையில் என் மனைவி சுமதியும் கயலும் நின்றிருந்தார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் "கமான்ப்பா", "சூப்பர்ப்பா" என்று கத்திக்கொண்டிருக்க, என் மகள் தொண்டை கிழியக் கத்தினாள்: "உக்காராதப்பா! உக்காராத!" என் பக்கத்தில் ஓடிய நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கு என்னைத் தாண்டும்போதெல்லாம் "உக்காராதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் உட்காரவில்லை. பத்து கிலோமீட்டர் தாண்டிக் கடிகாரத்தைப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. இதே வேகத்தில் போனால் பதக்கம் நிச்சயம். மனசுக்குள் திங்கட்கிழமை காலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையூரணிக்குள் நுழைந்தேன்.

மாமனார் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் அக்கம்பக்கத்து ஆட்கள். பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் மாமனார், சட்டையில்லாத மேலுக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, நடு ரோட்டில் இரண்டு கைகளையும் கூப்பியபடி நின்றார்.

"வாங்க மாப்ள, வாங்க வாங்க!"

"மாமா, பந்தயம் நடக்குது" என்றேன், நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு.

"நடக்கட்டும், நாம வேண்டாம்னா சொல்லுதோம்? வாசல் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்குள்ள கால் வைக்காமப் போனா நாலு பேரு என்ன நெனப்பாவ? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு ஓடுங்க."

பெண் எடுத்த வீட்டு வாசலை மருமகன் நிற்காமல் தாண்டினால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சண்டை. சாயங்காலத்துக்குள் சமாதானம் பேச ஆள் வந்துவிடும். அந்த நாலு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனேன்.

அத்தை என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்கள். "ஐயோ, தொப்பலா நனைஞ்சுல்லா இருக்கு! ஈரத் துணியோட இருந்தா சளி புடிச்சிரும். கழட்டிக் குடுங்க."

"இது வேர்வை அத்தை."

"வேர்வைன்னா ஈரம் இல்லையா?"

மாமா தான் போட்டுக்கொள்ளத் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை நீட்டினார். டீ-சர்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டேன். பிறகு உட்கார்ந்தேன். (ஆமாம், உட்கார்ந்தேன்.) நாலு இட்லி, கருப்பட்டிக் காப்பி. இரண்டாவது வடையோடு எழுந்திருக்கலாம்தான். ஆனால் என் வாய், முன்பே சொன்னேனே, மூன்றாவது வடையைத் தானாகக் கேட்டு வாங்கியது.

கடிகாரத்தைப் பார்த்தால் பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது! கையைக்கூடக் கழுவாமல் ரோட்டுக்குப் பாய்ந்தேன்.

அந்த ஏழு கிலோமீட்டரை எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வோர் அடிக்கும் வயிற்றில் வடைகள் இடம் மாறின. வழியில் ஒரு போலீஸ்காரர் என் முழுக்கைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு இங்கன பஸ்ஸு வராது. பந்தயம் நடக்கு. மெதுவாப் போங்க" என்று அன்பாகச் சொன்னார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கண் முழுக்கக் கடிகாரத்தில் இருந்ததால் உறைக்கவில்லை.

பூங்கா வாசல் தெரிந்தபோது இன்னும் மூன்று நிமிடம் பாக்கி. இருக்கிற உயிரையெல்லாம் காலில் இறக்கி ஓடினேன். முடிவுக் கோட்டுக்குப் பத்தடி இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண் கையை விரித்து என்னை மறித்தாள்.

"சார், இது ஓடுறவங்க வர்ற வழி. பாக்க வந்தவங்க அந்தப் பக்கம் போகணும்."

"நானும் ஓடுறவன்தாம்மா!"

"உங்க நம்பர் எங்க சார்?"

குனிந்து நெஞ்சைப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து மாமாவின் மூக்குக் கண்ணாடியும், 'உளுந்து, பூண்டு, சலவை சோப்பு' என்று எழுதிய ஒரு சீட்டும் எட்டிப் பார்த்தன. எண் அட்டை டீ-சர்ட்டில் ஊக்கு போட்டுக் குத்தியிருந்தது. அட்டையில்தான் சிப் ஒட்டியிருக்கும். முடிவுக் கோட்டில் விரித்திருக்கும் பாயை அது தாண்டினால்தான் கம்ப்யூட்டரில் நேரம் பதியும். அட்டையைச் சுமந்து வருவது யார் என்ற கவலையெல்லாம் அந்தப் பாய்க்குக் கிடையாது.

அப்போதுதான் மைக் முழங்கியது. "அறுபத்தெட்டு வயசு இளைஞருக்கு இன்னொரு தடவை ஜோரா கைதட்டுங்க!"

மேடையில் என் மாமனார் நின்றுகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, அதற்கு மேல் என் டீ-சர்ட், அதற்கு மேல் என் எண், அதற்கும் மேல் என் பதக்கம். கையில் வாழைப்பழம்.

நடந்தது இதுதான். நான் போய் அரை மணி நேரம் கழித்து, டீ-சர்ட்டைத் துவைக்க எடுத்த அத்தை அட்டையைப் பார்த்திருக்கிறார்கள். மாமா மொபெட்டைக் கிளப்பியிருக்கிறார். "கையில புடிச்சா காத்துல பறந்துரும், மேல மாட்டிக்கிட்டுப் போங்க" என்று அத்தை சொல்ல, அவரும் மாட்டிக்கொண்டார். கடைச் சரக்கு போட்டுப் போட்டு ஊரின் எல்லாச் சந்தும் அவருக்கு அத்துப்படி. பூங்காவுக்குப் பக்கத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டு என்னைத் தேடி நடந்தவரை, "விடாதீங்க தாத்தா, இன்னும் கொஞ்சந்தான்!" என்று கூட்டம் கைதட்டி உற்சாகப்படுத்தியிருக்கிறது. இத்தனை பேர் சொல்கிறார்களே என்று அவரும் நாலடி ஓடியிருக்கிறார். பாய் கீச்சென்றது.

அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. மைக் பிடித்தவர், "எப்படிய்யா, களைப்பே தெரியலையே?" என்று கேட்டதற்கு, "என்ன களைப்பு? இப்பதான வீட்டுல இருந்து கெளம்பி வாரேன்" என்றிருக்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. "கூட யாரும் வரலையா?" என்றதற்கு, "மருமவன் பின்னால வாராரு" என்றிருக்கிறார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

நான் கெஞ்சிப் பார்த்தேன். "இந்த நம்பர் ஏற்கெனவே முடிச்சாச்சே சார்" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே இருபத்தோரு கிலோமீட்டர் ஓடியிருந்தேன். அதை நம்ப உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

கயல் ஓடி வந்தாள். மாமா பதக்கத்தைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டு, "ஏளா, இது ஒங்க அப்பாவுக்குள்ளது. அவருதான் ஓடுனாரு" என்றார். அவள் பதக்கத்தைப் பார்த்தாள். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். அதிலிருந்த சட்னிக் கறையையும் பார்த்தாள்.

"வழியில உக்காந்தியாப்பா?"

"ஒரு பன்னெண்டு நிமிசம்தான்" என்றேன்.

திங்கட்கிழமை பதக்கம் பள்ளிக்குப் போனது. சாயங்காலம் அவளுடைய டைரியில் டீச்சர், தாத்தாவுக்கு வாழ்த்துகள் என்று எழுதி அனுப்பியிருந்தார். பிற்பாடு வந்த சான்றிதழில் பெயர் என்னுடையது, படம் மாமாவுடையது. அது இன்னும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. இது யார் என்று விருந்தாளிகள் கேட்டால், சுமதி என்னைக் காட்டுவாள்.

கயல் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போன மாதம் மாமாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். நான் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடி அலைந்து, வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தபோது அறைக்கதவு பாதி திறந்திருந்தது. பேத்தியின் கையைப் பிடித்தபடி மாமா உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"சின்னப் பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, வீட்டுல பெரியவங்க யாரும் வரலையா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். தாத்தாவும் பேத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.