சித்திக்குச் சுட்டுக் கொடுத்த பத்து

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் எரிவதில்லை. நேரே மடிக்கணினியைத் திறந்து ஓர் அட்டவணை போட்டுவிடுவேன். ஆரணியால் மட்டும் ஐந்து அட்டவணைகள் போட்டிருக்கிறேன்.

ஆரணி என் கணவருடைய தம்பியின் மனைவி. லண்டனில் எங்கள் ஃபாரஸ்ட் கேட் பகுதியின் எந்த ஒடுங்கிய தெருவிலும் ஒரே திருப்பலில் காரை நிறுத்திவிடுவாள். (நான் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, நடை உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு வருவேன்.) அவள் பொரிக்கும் ரோல்ஸ் எண்ணெயில் வெடிப்பதில்லை. இவற்றையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது, என் நான்கு வயது மகள் அபி நர்சரியில் சொன்ன ஒரு விஷயம். ஆசிரியை சிரித்துக்கொண்டே என்னிடம் ஒப்பித்தார்: சித்தி துவக்குச் சுடுவாளாம், அம்மாவுக்குக் கை உலர்த்தும் மெஷினுக்கே பயமாம். (அது உண்மைதான். ஆனால் அந்த மெஷின் போடும் சத்தத்தையும் நீங்கள் கேட்க வேண்டும்.)

ஆரணி புதன்கிழமைகளில் ஒரு சுடும் கிளப்புக்குப் போய், எயார் ரைபிளால் பத்து மீற்றர் தூரத்து அட்டையைச் சுடப் பழகிக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமையே அதே கிளப்பின் புதியவர் வகுப்பில் நானும் சேர்ந்தேன். செய்தி கேட்டு இவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பலூன் உடைஞ்சாலே காதைப் பொத்துறனீர். உமக்கு என்னத்துக்குத் துவக்கு?"

"மன ஒருமைப்பாட்டுக்கு" என்றேன்.

மூன்று சனிக்கிழமைகள் கிளப்பின் ரைபிளால் சுட்டேன். குண்டுகள் அட்டையில் விழுந்தன. அதுவே பெரிய காரியம். அடுத்த மாதம் குடும்பங்களை அழைத்து ஒரு போட்டி வைப்பதாகச் சொன்னார்கள். சொந்தத் துவக்கோடு போய் அபியின் கண்முன்னே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஐந்தாவது அட்டவணை தொடங்கியது. நாலரை மில்லிமீற்றர் குண்டா, ஐந்தரையா? ஸ்பிரிங் வைத்தது மலிவு, ஆனால் உதைக்கும். காற்றடைத்தது உதைக்காது, விலைதான் உதைக்கும். ஒவ்வொரு மாலையும் ஒன்றைத் தெரிவு செய்வேன். காலையில் அது வேண்டாம் என்றிருக்கும். (அபிக்குத் தள்ளுவண்டி வாங்கியதும் இப்படித்தான். வண்டி வந்தபோது பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது.)

அந்த ஞாயிறு எங்கள் வீட்டில் இடியப்பத்தைச் சொதியில் குழைத்தபடி ஆரணி சொன்னாள்: "கடையில ஒரு பழைய றைபிள் கண்டனான், அக்கா. அரை விலை. எனக்கெண்டே செய்த மாதிரி இருக்கு. வாற சனி போய் எடுக்கப்போறன்."

உனக்கென்றே செய்ததா? ஏன், உலகத்தில் நல்லதெல்லாம் உனக்கென்றுதான் செய்கிறார்களா? பேச்சுவாக்கில் கடையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை அபியை நர்சரியில் விட்டுவிட்டு, ரயிலேறிப் போய் அந்த ரைபிளை வாங்கிவிட்டேன்.

கடைக்காரர், இது உங்களுக்குத்தானா என்று இரண்டு தரம் கேட்டார். பால் போத்தலில் திகதியை மூன்று தரம் பார்க்கிறவள் நான். அன்றைக்குப் பார்த்து எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிள்ளைக்காரி துவக்கு வாங்கக் கூடாதா? கையில் எடுத்துப் பார்த்தபோது கன்னத்தில் ஏதோ இடித்தது. நல்ல சாமான் முதலில் இடிக்கத்தான் செய்யும், புதுச் செருப்பு மாதிரி, என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் குழந்தை இருப்பதால் அதைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்துப் பூட்டி, போட்டி நாள்வரை திறக்கவேயில்லை. பொறுப்பான தாய்.

சனிக்கிழமை ஆரணி போனில் கூப்பிட்டாள். "ஆரோ வாங்கிப்போட்டினமாம், அக்கா." குரல் இறங்கியிருந்தது. "அப்பிடியோ" என்றேன். ஒரு நிமிடம் வெட்கமாகவும், ஐந்து நிமிடம் சந்தோஷமாகவும் இருந்தது.

போட்டியன்று முன்வரிசைக் கதிரையில் இவருடைய மடியில் அபி. எனக்குப் பக்கத்துத் தடத்தில், கிளப்பின் ரைபிளோடு ஆரணி. நான் பெட்டியைத் திறந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். துவக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் வந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவளுடைய முகம் மலர்ந்தது.

"அக்கா, நீங்களும் இடக்கையோ?"

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அது இடக்கைக்காரருக்கென்றே செய்த துவக்கு. கன்னத்தில் இடித்த கட்டை, அரை விலை, கடைக்காரரின் இரண்டு கேள்விகள். ஆனால் ஐந்து வருடமாக அவள் வலக்கையால் சாப்பிட்டதை, வலக்கையால் திருநீறு எடுத்ததை நான் பார்த்திருக்கிறேனே!

"நீர் சோத்துக்கையாலதானே சாப்பிடுறனீர்?"

"சாப்பாடும் திருநீறும் மட்டும்தான், அக்கா. அம்மா அடிச்சுப் பழக்கினவ. மிச்சமெல்லாம் இடக்கை." பிறகு மெல்லிய குரலில், "உங்களுக்கும் வீட்டில அடிச்சவையோ?" என்றாள்.

உண்மையைச் சொல்ல அது நல்ல தருணம். அபி எனக்குக் கையசைத்தாள். நான், "ஓம், கொஞ்சம்" என்றேன்.

கொஞ்சம் இடக்கைக்காரியான நான், வாழ்க்கையில் முதல் தடவையாக இடத் தோளில் துவக்கை வைத்தேன். தோள் இடது, பார்த்த கண் என்னவோ வலது. பத்துக் குண்டுகள். ஒன்பதில் எதுவும் என் அட்டைக்குப் போகவில்லை; பின்னாலிருந்த மரப்பலகைக்குத்தான் தெரியும். பத்தாவதைக் கண்ணை மூடிக்கொண்டே சுட்டேன்.

நடுவர் அட்டைகளைக் கொண்டுவந்தார். என்னுடையதை அப்படியே மறுபடி பாவிக்கலாம். ஆரணியின் அட்டையில் பதினொரு ஓட்டைகள். அந்நியக் குண்டு எதுவென்று தெரியாவிட்டால், அட்டைக்குரியவருக்கு நல்லதாய் அமைகிற பத்து ஓட்டைகளை எடுப்பார்களாம். அவளுடைய ஏழு புள்ளி ஓட்டை ஒன்று கழிந்தது. நட்ட நடுவில் விழுந்திருந்தது என் குண்டுதான் என்று இன்றும் நம்புகிறேன்; அது அவளுக்குப் பத்துப் புள்ளியானது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஆரணிக்கு முதற்பரிசு.

அன்று மாலையே கார்த் தரிப்பிடத்தில், வியாழக்கிழமை ரயிலேறிப் போனதிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி, வாங்கிய விலைக்கே துவக்கைக் கொடுத்தேன். அவள் காரில் சாய்ந்துகொண்டு கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

இப்போது எங்கள் வீட்டில், என் உழைப்பின் பலன் வேறு யாருக்காவது போய்ச் சேர்ந்தால் அதற்குப் 'பத்துக் குடுக்கிறது' என்று பெயர். போன வாரம் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியை எங்களுடையது என்று நினைத்துக் கழுவி முடித்தபோது இவர் ஜன்னலைத் திறந்து, "இண்டைக்கு ஆருக்குப் பத்து?" என்று கேட்டார்.

அபியிடம் மட்டும் வேறு கதை. யாருடைய பிறந்தநாளுக்குப் போனாலும் சொல்வாள்: "சித்தி வெல்லட்டும் எண்டு அம்மா சித்தின்ர அட்டையில பத்துச் சுட்டுக் குடுத்தவ." எல்லோரும் ஆரணியைப் பார்ப்பார்கள். நான் கேக்கைப் பார்ப்பேன். ஆரணி ஒவ்வொரு தடவையும், "ஓம், சரியான குறி" என்பாள். அவள் காரை நிறுத்தும் அழகைக்கூடச் சகித்துக்கொள்வேன். இந்தப் பெருந்தன்மைக்குத்தான் அட்டவணை போடத் தெரியாமல் இருக்கிறேன்.